வகுப்புத் தோழர்கள் கூடும் கதையை எழுத வருபவர்களுக்கு

முதல் ஸ்கிரிப்டோடு என்னைப் பார்க்க வரும் தம்பிகளிடமும் தங்கைகளிடமும் இந்த ஒன்லைனை அடிக்கடி கேட்கிறேன்: பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள், தலை நரைக்கத் தொடங்கும் வயதில் ஒரு நாள் கூடுகிறார்கள். கதை விவாதத்தில் சிலர் "அதான் '96' படம் வந்துடுச்சே" என்று சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒவ்வொரு ஊரிலும் வருடா வருடம் ஒரு செட் பள்ளியை விட்டு வெளியேறுகிறது. இருபது, இருபத்தைந்து வருடம் கழித்து அவர்களில் ஒருவர் வாட்ஸ்ஆப் குழு தொடங்குகிறார். தீர்ந்துபோகிற கதை இல்லை இது.

படம் முடிந்து வெளியே வருகிறவர், ஸ்டாண்டிலிருந்து பைக்கை எடுப்பதற்குள் யாரோ ஒருவருக்குப் போன் போடுகிறார் என்றால் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். அங்கே போய்ச் சேர எனக்குத் தெரிந்த வழிகளை எண் போட்டுச் சொல்கிறேன். எல்லாவற்றையும் பின்பற்ற முடியாவிட்டாலும் மூன்றாவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

1. இன்றைய தேதியிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.

எழுத உட்காரும் எல்லோரும் பிளாஷ்பேக்கைத்தான் முதலில் எழுதுகிறார்கள். அது சுகமாக வரும். சைக்கிள், வேப்பமரம், பிரேயர், கடைசி பெஞ்ச் என்று பக்கங்கள் ஓடிவிடும். பிறகு நிகழ்காலத்துக்கு வந்தால் பாத்திரங்களுக்குச் செய்ய ஒரு வேலையும் இருக்காது. கேக் வெட்டுவார்கள், கட்டிப்பிடிப்பார்கள், அழுவார்கள். பார்க்கிறவருக்கு அது அடுத்தவர் வீட்டு விசேஷமாகத் தெரியும்.

நன்றாக அமைந்த படங்களில் இன்றைக்கென்று ஒரு காரியம் இருக்கிறது. 'ஆட்டோகிராஃப்' (2004) படத்தில் சேரன் தன் கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்கக் கிளம்புகிறார். தங்கர் பச்சானின் 'பள்ளிக்கூடம்' (2007) படத்தில் பழைய மாணவர்களுக்குத் தாங்கள் படித்த பள்ளியையே காப்பாற்ற வேண்டியிருக்கிறது. பிரம்மா இயக்கிய 'மகளிர் மட்டும்' (2017) படத்தில் ஊர்வசியின் பள்ளித் தோழிகளை வருங்கால மருமகளான ஜோதிகா தேடிப் பிடிக்கிறார். மூன்று தோழிகளையும் அவரவர் வீட்டிலிருந்து கிளப்பி ஒரு பயணம் கூட்டிப் போவதே அந்தப் படத்தின் வேலை. கொரியப் படமான 'சன்னி' (2011) இன்னும் இறுக்கமானது. ஆஸ்பத்திரியில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போகும் நா-மி, அதே ஆஸ்பத்திரியில் தன் பள்ளிக்காலத் தலைவி சுன்-ஹ்வாவைப் பார்க்கிறாள். அவளுக்குப் புற்றுநோய். இரண்டு மாதங்கள்தான் மிச்சம். "நம்ம கூட்டத்தை ஒரு தடவை ஒண்ணா பார்க்கணும்" என்பது அவள் ஆசை. அந்த ஓர் ஆசை கதையைத் தெருவுக்கு இழுத்துவந்துவிடுகிறது.

'96' படத்தில் வேலை வெளியே தெரியாது. ராம் பயணப் புகைப்படக்காரன். வழியில் தஞ்சாவூர் வருகிறது, படித்த பள்ளியின் வாசல் வருகிறது, காவலாளியாக இருக்கும் ஜனகராஜ் உள்ளே விடுகிறார். அங்கிருந்து பழைய நண்பர்களுக்குப் போன், பிறகு குழு, பிறகு சென்னையில் கூடல். ஆனால் உண்மையான நெருக்கடி, பள்ளியில் அவன் காதலித்த ஜானுவின் விமானம். விடிந்தால் அவள் சிங்கப்பூர் போயாக வேண்டும். 22 வருடத்தைப் பேசித் தீர்க்க ஓர் இரவு. முன்னால் இப்படி ஒரு கடிகாரத்தை வைத்துவிட்டால் பாத்திரங்கள் வெறுமனே நடந்தாலும் பார்க்கத் தோன்றும்.

2. ஒரு கூடலுக்குப் போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள்.

சினிமாவில் பார்த்த கூடலைப் பார்த்து இன்னொரு கூடலை எழுதாதீர்கள். மே மாதத்திலும் டிசம்பர் கடைசியிலும் உங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்திலோ பள்ளி ஹாலிலோ இது நடந்துகொண்டுதான் இருக்கும். அனுமதி கேட்டுப் போங்கள். சாப்பாட்டுப் பந்தியில் பரிமாற நில்லுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

முதல் ஒரு மணி நேரத்தைக் கவனியுங்கள். உள்ளே நுழைகிறவர் முதலில் சிரிப்பதில்லை. வாசலில் நின்று, உள்ளே இருப்பவர்களில் யார் யார் என்று தேடுகிறார். அடையாளம் தெரியாத ஒருவர் வந்து கையைப் பிடித்து "தெரியுதா?" என்று கேட்கும்போது அவர் முகத்தில் ஓடும் அந்த இரண்டு நொடித் திண்டாட்டத்தை எந்த நடிகரிடமும் கேட்டு வாங்கலாம், ஆனால் முதலில் நீங்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும். "நீங்க" என்று தொடங்கிய பேச்சு எந்த வாக்கியத்தில் "நீ" ஆகிறது, எப்போது "டா" ஆகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். பல சமயம் ஒரு பழைய வாத்தியாரின் பெயர் காதில் விழுந்ததும்தான் அந்த மாற்றம் நடக்கும். குரூப் போட்டோவை யாராவது நீட்டினால் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்க்கிறார்கள், பிறகு ஒரே கண்ணாடி நாலு பேர் கைக்கு மாறுகிறது. வசனமே இல்லாமல் வயதைச் சொல்லும் காட்சி அது.

பெண்களைத் தேடிப் பிடிக்கிற கதையைத் தனியாகக் கேளுங்கள். ஆண்கள் பெரும்பாலும் அதே முதலெழுத்தோடு, அதே ஊர்த் தொடர்போடு இருப்பார்கள். பெண்களுக்குக் கல்யாணத்தோடு முதலெழுத்து மாறியிருக்கும், ஊர் மாறியிருக்கும், பிறந்த வீடு விற்கப்பட்டிருக்கும். பழைய வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயரை வைத்துக்கொண்டு எங்கே போய்த் தேடுவது? யாரோ ஒருத்தி தன் அண்ணி வழியாக, ரேஷன் கடையில் பார்த்த பக்கத்து வீட்டம்மா வழியாக, பழைய டீச்சரின் மகன் வழியாகத் தேடித் தேடி ஒவ்வொருத்தியாகச் சேர்க்கிறாள். வந்தவர்களில் சிலர் நாலு மணிக்கே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். வாசலில் கணவர் வண்டியோடு நிற்கிறார், அல்லது வீட்டில் மாமியாருக்கு மாத்திரை கொடுக்க வேண்டும். அந்தத் தேடலே ஒரு முழுப் படத்துக்கான கதை. தமிழில் 'மகளிர் மட்டும்' அந்தக் கதவைத் திறந்தது. அதற்குப் பிறகு அந்த வழியாகப் போதுமான பேர் நுழையவில்லை என்பது என் ஆதங்கம். தங்கைகளே, இதை நீங்கள் எழுதினால்தான் சரியாக வரும்.

3. அவர்கள் இப்போது வாழும் வாழ்க்கையை மதியுங்கள்.

சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். பள்ளிக்காலத்தைப் பொன்னாகக் காட்ட வேண்டும் என்ற ஆசையில், அதற்குப் பிறகு வந்த எல்லாவற்றையும் மண்ணாக்கிவிடுகிறோம். கணவன் முரடன், மனைவி சந்தேகக்காரி, வேலை நரகம், பிள்ளைகள் போனை விட்டு நிமிர்வதில்லை. அப்படி எழுதினால் கூடல் என்பது தப்பித்து ஓடுவதாக ஆகிவிடும். தியேட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரு கணவன் இருக்கிறார், ஒரு மனைவி இருக்கிறார், ஒரு வேலை இருக்கிறது. அவர் பாதி வாழ்நாளைச் செலவழித்துக் கட்டிய ஒன்றை நீங்கள் மூன்று காட்சியில் மட்டம் தட்டினால் அவர் உங்களோடு சேர்ந்து சிரிக்க மாட்டார்.

'96' எழுதி இயக்கிய பிரேம்குமார் இந்த இடத்தில் காட்டிய நிதானத்தைப் படித்துப் பழகுங்கள். ஜானுவின் கணவரைப் பற்றி ஒரு குறையும் சொல்லப்படுவதில்லை. அவளுக்கு ஒரு மகள் இருக்கிறாள், வீடு இருக்கிறது, அவள் திரும்பிப் போகத்தான் போகிறாள். ராமும் ஜானுவும் பிரிந்ததற்கு யாரும் வில்லன் இல்லை. கடன் தொல்லையால் ஊரை விட்டுப் போன ஒரு குடும்பம், கல்லூரியில் நேர்ந்த ஒரு தவறான புரிதல், அவ்வளவுதான். யாரையும் திட்டிவிட்டு மனத்தை ஆற்றிக்கொள்ள வழியில்லாததால்தான் அந்த இரவு அத்தனை கனக்கிறது.

அதில் ஒரு காட்சியை மட்டும் திரும்பத் திரும்பப் பாருங்கள். ராமிடம் புகைப்படம் கற்கும் மாணவிகள் வழியில் சந்திக்கிறார்கள். ஜானுவை அவன் மனைவி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவள் மறுக்கவில்லை. தாங்கள் எப்படிச் சேர்ந்தோம் என்று ஒரு கதை சொல்கிறாள். கல்லூரியில் நடந்த அந்தத் தவறு நடக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ அந்தக் கதை. கேட்கும் பிள்ளைகள் மகிழ்ந்துபோகிறார்கள், ராம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். நடக்காத வாழ்க்கை முழுவதையும் அவள் வாயால் சொல்லிவிட்டாள். அதனால் நடந்த வாழ்க்கையை உடைக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது. திரைக்கதை எழுதுகிறவர் இதைவிடப் பெரிய பாடம் படிக்க வேறு இடம் தேட வேண்டாம்.

மதிப்பது என்றால் அநியாயத்தை மூடி மறைப்பது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 'மகளிர் மட்டும்' படத்தில் பானுப்பிரியாவும் சரண்யா பொன்வண்ணனும் ஏற்ற பாத்திரங்கள் குடும்பப் பாரத்திலேயே கரைந்துபோனவர்கள். படம் அதை மழுப்பவில்லை. ஆனால் அவர்களைப் பரிதாபத்துக்குரியவர்களாகவும் காட்டவில்லை. அத்தனை வருடம் ஒரு குடும்பத்தைத் தூக்கிச் சுமந்த பலம் அவர்கள் நடையிலும் பேச்சிலும் இருக்கிறது. தோழிகள் வந்து அந்தப் பலத்தை அவர்களுக்கே ஞாபகப்படுத்துகிறார்கள். ஃபீல்குட் என்று நாம் சொல்வது அங்கேதான் பிறக்கிறது. பள்ளியில் என்னை அறிந்தவர், இன்றைய என்னையும் பார்த்து, "சரிதான், நல்லாத்தான் வந்திருக்கே" என்று தோளில் தட்டுகிறார். நாற்பது தாண்டிய யாருக்கும் அது வேண்டியிருக்கிறது.

4. கூட்டத்தைக் கூட்டுகிறவரைச் சும்மா விடாதீர்கள்.

ஒவ்வொரு செட்டிலும் ஒருவர் இருப்பார். பணம் வசூலிப்பவர், சமையல்காரரைப் பிடிப்பவர், பிளெக்ஸ் பேனரில் யார் படம் விட்டுப்போயிற்று என்று ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கவலைப்படுபவர், ஆசிரியர்களுக்குப் பொன்னாடை வாங்கி வைப்பவர். அவர் பள்ளியில் முதல் ரேங்க் எடுத்தவராக இருக்க மாட்டார். அவருக்கு என்ன கிடைக்கிறது? எதற்காக இத்தனை அலைகிறார்? இதற்குப் பதில் தெரிந்தால் உங்களுக்கு ஒரு நல்ல பாத்திரம் கிடைத்துவிட்டது.

5. உடனிருக்கும் நண்பர்களுக்கும் மனசு இருக்கட்டும்.

காதல் கதையாக இருந்தால் நண்பர்கள் வெறும் கைதட்டுகிறவர்களாகப் போய்விடும் ஆபத்து உண்டு. '96' படத்தில் தேவதர்ஷினி, பகவதி பெருமாள், ஆடுகளம் முருகதாஸ் மூவரும் ஏற்ற நண்பர்களைப் பாருங்கள். ராமையும் ஜானுவையும் தனியே விட்டுவிட்டு வரலாமா, எதுவும் தப்பாகிவிடுமோ என்று ஒருவர் பதறுகிறார், இன்னொருவர் அவரை அடக்குகிறார். அந்தப் பதற்றம் வம்பு இல்லை. இரண்டு பேர் மேலும் உள்ள அக்கறை. ஊர் என்ன சொல்லும் என்ற கேள்வியைப் படம் ஒரு கெட்டவன் வாயில் வைக்காமல் நண்பன் வாயில் வைத்ததால்தான் அது நமக்கும் உறைக்கிறது.

6. சிறு வயது முகத்தைத் தேடும்போது ஜாடையை மட்டும் பார்க்க வேண்டாம்.

'96' படத்தில் தேவதர்ஷினியின் சிறு வயதுப் பாத்திரத்தில் அவருடைய மகள் நியதியே நடித்தது கிடைத்தற்கரிய பொருத்தம். எல்லோருக்கும் அப்படி அமையாது. இளம் ராமாக வந்த ஆதித்யா பாஸ்கருக்கும் விஜய் சேதுபதிக்கும் முகஜாடை பெரிதாக இல்லை. ஜானு பக்கத்தில் வந்தால் இருவருடைய தோளும் ஒரே மாதிரி ஒடுங்குவதால் நாம் நம்புகிறோம். ஒரு பாத்திரத்துக்கு ஓர் அசைவு என்று எழுத்திலேயே குறித்து வையுங்கள். இரு வயது நடிகர்களையும் ஒன்றாக உட்காரவைத்து ஒத்திகை பாருங்கள்.

7. பழைய பொருட்களைக் கடை விரிக்காதீர்கள்.

ஆடியோ கேசட், எஸ்டிடி பூத், இன்லேண்ட் லெட்டர், ஒலியும் ஒளியும். ஆர்ட் டைரக்டர் உற்சாகமாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரே பிரேமில் வைத்துவிடுவார். பார்க்கிறவர் "அட" என்பார், அதோடு சரி. பொருள் கதைக்குள் உழைக்க வேண்டும். '96' படத்தில் ஜானு இங்க் தெளித்த பள்ளிச் சட்டையை ராம் அப்படியே வைத்திருக்கிறான். கடைசித் தேர்வன்று சட்டையில் இங்க் அடித்துக்கொள்வது நம் பள்ளிகளில் எல்லோரும் செய்ததுதான். பிரிகிற நாளின் கூச்சலுக்கு நடுவே ஒருத்தி கை ஒருவனுக்கென்று தெளித்த கறை என்பதால் அது தனியாகிவிடுகிறது.

காலத்தைக் காட்டப் பொருளைவிட ஒரு பொது நினைவு நன்றாக உதவும். நீங்கள் எழுதும் செட் 1996இல் பிளஸ் டூ முடித்ததென்றால், அந்த மார்ச் 13ஆம் தேதி ஈடன் கார்டனில் உலகக் கோப்பை அரையிறுதி. இலங்கையிடம் விக்கெட்டுகள் மளமளவென்று சரிய, ரசிகர்கள் கலாட்டா செய்ய, ஆட்டம் நிறுத்தப்பட்டு, வினோத் காம்ப்ளி அழுதபடி வெளியேறினார். அது பொதுத்தேர்வு மாதம். படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டு ஜன்னல் வழியாக அதைப் பார்த்த பையன்கள் எத்தனை ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். இன்று அவர்களைக் கூடலில் உட்காரவைத்து, "அன்னைக்கு நீ எங்கே இருந்தே?" என்று ஒருவர் கேட்கட்டும். பிளாஷ்பேக்கே தேவைப்படாது. பதில் சொல்லும் முகங்களே போதும்.

உங்கள் செட்டுக்கு இப்படி எது பொது நினைவு என்று கண்டுபிடியுங்கள். ஊருக்கு ஊர் மாறும். ஓர் ஊரில் அது வெள்ளம், இன்னோர் ஊரில் மூடப்பட்ட மில், இன்னோர் ஊரில் மாற்றலாகிப் போன ஒரு கணக்கு டீச்சர்.

8. பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருங்கள்.

'96' படத்தில், பள்ளியில் ஜானு பாடுகிறவள். ராம் கேட்கும் ஒரே பாட்டு 'தளபதி' (1991) படத்தில் இளையராஜா இசையில் வந்தது. அதை மட்டும் அவள் பாடுவதே இல்லை. வேறு எத்தனையோ பாடுகிறாள். படம் முழுக்க நாம் அந்த ஒரு பாட்டுக்காகக் காத்திருக்கிறோம். 22 வருடம் கழித்து ராமின் வீட்டில், மின்சாரம் போன இருட்டில், அவன் விளக்கைத் தேடிக்கொண்டிருக்கும்போது அவள் பாடத் தொடங்குகிறாள். அவன் பதறி ஓடிவருகிறான். ஒரு வார்த்தை வசனம் கிடையாது. திரைக்கதை தெரிந்தவர்கள் ஒரு பொருளைப் பத்திரமாகப் பூட்டிவைத்திருந்து, தேவையான நேரத்தில் திறப்பதற்கு இது உச்சமான உதாரணம். அதுவரை கோவிந்த் வசந்தாவின் பின்னணி இசை அந்தப் பழைய பாட்டோடு போட்டி போடாமல் ஒதுங்கி நிற்பதையும் கவனியுங்கள்.

'சன்னி' பாட்டை வேறு வழியில் பயன்படுத்துகிறது. தெருவில் போலீஸும் போராட்டக்காரர்களும் மோதும் நேரத்தில் பள்ளிப் பெண்களின் இரண்டு கோஷ்டிகள் அடித்துக்கொள்கின்றன. மேலே துள்ளலான டிஸ்கோ பாட்டு ஓடுகிறது. எண்பதுகளின் கொரியா ராணுவ ஆட்சியின் கீழ் கொந்தளித்த காலம். அந்தச் சரித்திரம் பின்னால் நிற்க, பதினேழு வயதுக்குத் தன் சண்டைதான் உலகம் என்பதை அந்தப் பாட்டு சொல்லிவிடுகிறது. நம் ஊர்ப் படங்களில் பள்ளிக்காலத்தைச் சுற்றி நாடும் அரசியலும் இருந்ததாகவே தெரிவதில்லை. இதை நீங்கள் மாற்றலாம்.

நடைமுறைக்காக ஒன்று. பழைய பாட்டைக் கதையின் முதுகெலும்பாக வைத்தால், உரிமை யாரிடம் இருக்கிறது, என்ன செலவாகும் என்று எழுதும்போதே தயாரிப்பாளரிடம் பேசிவிடுங்கள்.

9. வராதவர்களை எழுதுங்கள்.

எல்லாக் கூடலிலும் வராத ஒருவர் இருப்பார். வெளிநாட்டில் இருப்பவரைச் சொல்லவில்லை, அவர் வீடியோ காலில் வந்துவிடுவார். மண்டபத்திலிருந்து நடந்து வரும் தூரத்தில் இருந்தும் வராதவரைச் சொல்கிறேன். தலைக்கு இரண்டாயிரம் என்று குழுவில் போட்ட செய்தியைப் பார்த்துவிட்டுப் பதில் எழுதாதவர். படிப்பில் முன்னால் இருந்து, பிறகு வாழ்க்கையில் ஏதோ ஒன்று வழுக்கியவர். பள்ளியில் யாரோ சாதியைச் சொல்லித் தள்ளிவைத்ததை மறக்காதவர். அவருக்கு அந்த வகுப்பறை இனிய நினைவு இல்லை. மற்றவர்கள் 'நம்ம பொற்காலம்' என்று பேசும்போது அவர் பெயர் ஒரு தடவை வந்து, பேச்சு நின்று, வேறு பக்கம் திரும்பும்.

மகிழ்ச்சியான படத்தில் இது எதற்கு என்று கேட்பார்கள். இது இல்லாவிட்டால் உங்கள் மகிழ்ச்சி பாதிப் பேருக்கானதாகிவிடும். ஒருவர் எழுந்து அவர் வீட்டுக்கு நடக்கட்டும். சாப்பாட்டுப் பொட்டலம் எடுத்துக்கொண்டு போக வேண்டாம், அது தானம் கொடுப்பதாகிவிடும். வெறும் கையோடு போய்த் திண்ணையில் உட்காரட்டும். மன்னிப்புக் கேட்பதாக இருந்தால் என்ன செய்தோம் என்று சொல்லிக் கேட்கட்டும். அவர் மண்டபத்துக்கு வர வேண்டிய கட்டாயமும் இல்லை.

'சன்னி' படத்தில் ஆயுள் காப்பீடு விற்கத் திணறும் ஒருத்தி, மதுக்கடையில் வேலை செய்யும்படி ஆகிவிட்ட ஒருத்தி என்று வாழ்க்கை ஏணியின் எல்லாப் படியிலும் தோழிகள் நிற்கிறார்கள். தேடிப் போகிறவள் ஒவ்வொரு வாசலிலும் தன் முகத்தையும் கொஞ்சம் பார்த்துக்கொள்கிறாள்.

10. பட்டப்பெயரைக் கவனமாகக் கையாளுங்கள்.

நண்பர்கள் கூடினால் கிண்டல் இல்லாமல் முடியாது. இருக்கவும் வேண்டும். ஆனால் நம் பள்ளிகளில் வைத்த பெயர்களில் பெரும்பாதி நிறத்தையும் உடம்பையும் திக்குவாயையும் வைத்து வைத்தவை. நாற்பத்தைந்து வயதில், தன் மகளுக்கு முன்னால், அந்தப் பெயரால் கூப்பிடப்படும் ஆளின் பக்கம் கேமராவைத் திருப்புங்கள். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எத்தனை வருடப் பழக்கம் என்பதை நடிகருக்குச் சொல்லிக்கொடுங்கள். யாரையும் குறுக்காமல் சிரிக்கவைக்கும் விஷயங்கள் ஏராளம். தப்பாகப் பாடிய பிரேயர், பிடிபட்ட காப்பி, ஹெட்மாஸ்டரின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் காலியாகும் மைதானம்.

11. குடிக்கும் காட்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. மனசைத் திறக்க வேறு வழி தெரியாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

12. ஆசிரியரை மேடையில் ஏற்றிப் பேசவைத்துவிட்டு இறக்கிவிடாதீர்கள்.

பொன்னாடை, நினைவுப்பரிசு, இரண்டு நிமிடப் பேச்சு என்று முடித்துவிடுகிறோம். எண்பது வயது டீச்சர் ஒருவருக்கு, தன் முன்னால் நிற்கும் நரைத்த தலைகளில் யாரையும் தெரியாது. ஆனால் வருகைப் பதிவேட்டு வரிசையில் பெயர்களைச் சொல்லச் சொன்னால் நிற்காமல் சொல்லிவிடுவார். அந்த வரிசையில் இறந்துபோனவரின் பெயரும் தானாக வந்துவிடும். ஹாலில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? இந்த இடத்தை வசனம் போடாமல் எழுதிப் பாருங்கள்.

13. சாவுக்குப் பயப்பட வேண்டாம்.

நடுவயதுக் கூடலில் சாவு ஒரு நாற்காலியில் உட்கார்ந்துதான் இருக்கும். மேடைக்குப் பக்கத்தில் மாலை போட்ட போட்டோக்கள் இல்லாத கூடல் அபூர்வம். 'சன்னி' சாவு வீட்டிலேயே முடிகிறது. இறந்த தோழியின் படத்துக்கு முன்னால், பள்ளியில் ஆடாமல் போன நடனத்தை அந்தப் பெண்கள் ஆடுகிறார்கள். சுன்-ஹ்வா தன் சொத்தை எழுதிவைத்து எல்லோருடைய கஷ்டத்தையும் தீர்த்துவிடுவது எனக்கு மிகையாகப் பட்டது. பணம் வந்து தீர்க்கும் முடிச்சை நான் எழுத மாட்டேன். ஆனால் அந்த நடனத்துக்காக அதையும் பொறுத்துக்கொள்வேன். ஜப்பானிலும் வியட்நாமிலும் 2018இல், இந்தோனேசியாவில் 2019இல் இந்தப் படத்தை மறுபடி எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு நாட்டிலும் பள்ளியும் பாட்டும் மாறின. தோழியின் சாவும், கூடும் தோழிகளும் அப்படியே நின்றார்கள்.

14. கேமராவின் கண்ணோடு எழுதுங்கள்.

தங்கர் பச்சானும் பிரேம்குமாரும் ஒளிப்பதிவாளர்களாக இருந்து இயக்கத்துக்கு வந்தவர்கள். 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' (2012) படத்தின் ஒளிப்பதிவு பிரேம்குமாருடையது. ஞாபகத்தைப் பேச்சில் சொல்லாமல் காட்சியில் சொல்ல வேண்டும் என்ற பிடிவாதம் இருவரிடமும் இருக்கிறது. 'சன்னி' படத்தில் நா-மி பள்ளிக்குப் போகும் மேட்டுப் பாதையில் நிற்கிறாள், கேமரா மெல்லத் திரும்புகிறது, திரும்பி முடிக்கும்போது காலம் மாறியிருக்கிறது. 'இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு' என்று எழுத்துப் போட வேண்டியதில்லை. உங்கள் பள்ளியில் அப்படித் திரும்பும் மூலை எது? போய் நின்று பாருங்கள். பெஞ்சில் மறுபடி உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். அதையும் எழுதுங்கள்.

15. கூடல் முடிந்த மறுநாளை எழுதுங்கள்.

குரூப் போட்டோவோடு படத்தை முடிக்க எல்லோருக்கும் கை பரபரக்கும். போட்டோவுக்குப் பிறகுதான் எழுத்தாளருக்கு வேலை. '96' விமான நிலையத்தில் நிற்காமல் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகிறது. ராம் வீட்டுக்குத் திரும்பி, ஜானு விட்டுப்போன உடையை மடித்து, பள்ளிக்கால நினைவுகள் இருக்கும் பெட்டியில் வைக்கிறான். முந்தைய நாள் வரை அந்தப் பெட்டியில் இருந்தவை எல்லாம் பதினாறு வயதுக்காரியின் பொருட்கள். இப்போது வளர்ந்த பெண்ணின் உடையும் சேர்கிறது.

உங்கள் கதையில் கூடல் ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை காலை யார் யார் எங்கே இருக்கிறார்கள்? ஒருவர் பேங்க் கவுன்ட்டரில், ஒருத்தி சமையலறையில், ஒருவர் லாரி ஷெட்டில், வராமல் போனவர் தன் வீட்டுத் திண்ணையில். குழுவில் முதல் செய்தியை யார் போடுகிறார்? அதைப் படித்தவர்களில் ஒருவர் அன்றைக்கு ஒரே ஒரு காரியத்தை முன்பு செய்யாத விதத்தில் செய்யட்டும். மேலாளரிடம் பேசும் குரல் கொஞ்சம் நிமிரட்டும், அல்லது மகளுக்கு ஜடை பின்னும்போது பழைய பாட்டு ஒன்று வாயில் வரட்டும். பெரிதாக எதுவும் வேண்டாம். அந்த ஒரு பக்கத்தை எழுதி முடித்ததும் ஸ்கிரிப்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து படிப்போம்.